ஒட்டுக் கன்றும் அதன் வேர்ச்செடியும்

ஆடி பிறந்து நிலம் நனையத் தொடங்கியதும் காஞ்சிபுரம் ஜில்லாவில் மா, சப்போட்டா முதலிய ஒட்டுக் கன்றுகள் வாங்குவோரின் நடமாட்டம் அதிகமாகிறது. வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கங்களிலிருந்து வரும் நிலச்சுவான்தார்கள் நாற்றுப் பண்ணையில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே. கன்று எந்த ரகம்? எத்தனை வருஷத்தில் காய்க்கும்? விலை என்ன? இம்மூன்றும் கேட்க வேண்டியவையே. ஆனால் கன்றின் கீழ்ப்பாதி எந்த மரத்தின் வித்திலிருந்து முளைத்தது என்னும் நான்காவது கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. விற்பவரும் அதைத் தாமாகச் சொல்வதில்லை. நாற்பது ஐம்பது வருஷம் நிலத்தில் நிற்கப் போகும் மரத்தின் வீரியமும், வறட்சியையும் உப்பு நீரையும் தாங்கும் சக்தியும் பெரும்பங்கு அந்தக் கீழ்ப்பாதியைச் சார்ந்தவை ஆதலின், இரு தரத்தாரும் காக்கும் இம்மௌனம் சிறிய விஷயமன்று.

காஞ்சிபுரத்தாருக்கு மாமரத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏகம்பம் என்னும் பெயரே ஒற்றை மாமரத்தைக் குறிப்பதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. ஏகாம்பரநாதர் ஆலயத்தின் தலவிருட்சமான மாமரத்துக்கு நான்கு கிளைகள் என்றும், அவை நான்கு வேதங்கள் என்றும், கிளைக்கு ஒரு சுவையாக நான்கு சுவைக் கனிகள் காய்த்தன என்றும் தலத்தின் ஐதீகம் கூறும். ஐதீகத்தை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஒரே அடிமரத்தின் மேல் பல ரகங்களை ஒட்டி, கிளைக்கொரு விதமான பழம் பெறுவது தோட்டக்காரர் எவரும் செய்யக்கூடிய காரியம். அத்தகைய மரத்தைப் பார்ப்பவர் மேலே தொங்கும் பழங்களை எண்ணுவார். அத்தனை கிளைகளுக்கும் நீரும் சத்தும் ஏற்றித் தரும் ஒரே அடியைப் பற்றி விசாரிக்க மாட்டார். சாகுபடியிலும் நடப்பது இதுவே.

ஒட்டு என்பது இரண்டு செடிகளை ஒன்றாக்குவதன்று. இரண்டையும் சேர்த்து வாழ வைப்பது. காஞ்சி நெசவாளர் கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவுமாக ஓட்டி, இரு நிறத்து ஊடை இழைகளையும் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டுகிறார்கள். பூட்டிய இடம் உறுதியாயிருக்கும். ஆயினும் கரையின் நிறம் உடலில் ஏறுவதில்லை, உடலின் நிறம் கரைக்கு வருவதில்லை. ஒட்டிலும் அவ்வாறே. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர் படலம் இரு பக்கமும் பொருந்தினால் நீர்க்குழாய்கள் இணைந்துவிடும். ஆனால் மேலே உள்ள பங்கனபள்ளி பங்கனபள்ளியாகவே இருக்கும். கீழே உள்ள வேர் தன் தாய்மரத்தின் குணத்தையே காட்டும். பரம்பரைக் குணங்கள் கலப்பதில்லை. கலப்பவை நீரும் சத்தும், ஒரு பாதி மற்றொரு பாதிக்கு அனுப்பும் ரசாயனச் செய்திகளுமே.

வேர்ச்செடி மேல்மரத்தின் வீரியத்தை எவ்வாறு ஆளுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நலம். முதலாவது, நீரைத் தூக்கும் திறமை. அகன்ற நீர்க்குழாய்களும் ஆழ்ந்த வேர்களும் உள்ள செடி, வெயில் நேரத்தில் இலை கேட்கும் நீரைத் தடையின்றிக் கொடுக்கும். குறுகிய குழாய்களுள்ள வேர் கொடுக்க முடியாமல் இலையின் வளர்ச்சி குன்றும். இரண்டாவது, வேர் நுனிகளில் உண்டாகும் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருள். இது நீரோடு மேலேறி மொட்டுகளைத் துளிர்க்கச் செய்கிறது. தளிர் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் வேறொரு பொருள் பட்டை வழியே கீழிறங்கி வேரை வளர்க்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் எங்கே தடை ஏற்பட்டாலும் மரம் சிறுத்துப் போகும். மூன்றாவது, மண் காயும்போது வேர் அனுப்பும் அப்சிசிக் அமிலம். இது இலைத் துளைகளை மூடி நீரைச் சிக்கனம் செய்கிறது. ஒரு வேர் இந்தச் செய்தியைச் சீக்கிரம் அனுப்பும். மற்றொன்று தாமதமாக அனுப்பும். நான்காவது, மண்ணிலுள்ள பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் குணம். தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் ஒரு வேர் அதிகம் இழுக்கும். சோடியம், குளோரைடு ஆகிய உப்புகளை மற்றொரு வேர் வெளியிலேயே நிறுத்தும். எருவும் நீரும் ஒரே அளவாக இட்ட இரண்டு மரங்களில் ஒன்று செழித்தும் ஒன்று சோர்ந்தும் நிற்பதற்குக் காரணத்தை எருக்குழியில் மட்டும் தேடுவது போதாது.

இவ்விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் கற்பித்த பயிர் திராட்சை. அமெரிக்காவைச் சேர்ந்த பில்லாக்சிரா என்னும் சிறு வேர்ப்பேன், 1860-களில் பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களில் புகுந்தது. கொடிகள் காரணம் தெரியாமல் வாடி மடிந்தன. 1868-ல் பிளான்சோன் முதலிய அறிஞர்கள் வேரில் அப்பூச்சியைக் கண்டறிந்தார்கள். ஐரோப்பியக் கொடியின் வேருக்கு அதை எதிர்க்கும் சக்தி இல்லை. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகளுக்கோ அப்பூச்சியோடு நெடுங்காலம் கூடவே வாழ்ந்த பழக்கம் உண்டு. ஆகவே அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டும் வழக்கம் உண்டாயிற்று. மருந்தால் தீராத வியாதி வேரை மாற்றியதால் தீர்ந்தது.

அத்தோடு சங்கடம் ஒழியவில்லை. ரைப்பேரியா, ரூபெஸ்ட்ரிஸ் என்னும் அமெரிக்க இனங்கள் சுண்ணாம்பு மண்ணில் வெளுத்து நின்றன. அத்தகைய மண்ணுக்கு ஏற்ற வேரைத் தேடிப் பியர் வியாலா என்பவர் 1887-ல் அமெரிக்கா சென்றார். டெக்ஸஸில் டெனிசன் என்னும் ஊரில் நாற்றுப் பண்ணை நடத்திய மன்சன் என்பவர் துணை செய்தார். சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும் பெர்லாண்டியரி இனம் அகப்பட்டது. ஆனால் அதன் குச்சி எளிதில் வேர்விடுவதில்லை. ஆகவே எளிதில் வேர்விடும் இனங்களோடு அதைக் கலந்து புதிய வேர்ச்செடிகளை உண்டாக்கினார்கள். இன்று உலகமெங்கும் வழங்கும் 110 ரிக்டர், 1103 பால்சன், எஸ்.ஓ.4 முதலியவை இவ்வாறு பிறந்த கலப்புகளே. இவற்றில் ஒவ்வொன்றும் மேல்கொடிக்கு ஒவ்வொரு அளவான வீரியத்தைக் கொடுக்கிறது. ரைப்பேரியாவின் தேர்வான குளோவார் வேரின் மேல் கொடி அடக்கமாக வளர்ந்து சீக்கிரம் பழுக்கும். ரூபெஸ்ட்ரிஸ் வேரின் மேல் அதே கொடி காடாக மண்டும். சமீப வருஷங்களில் போர்டோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள், ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பல வேர்ச்செடிகளின் மேல் ஒரே ரகக் கொடியை ஒட்டி, நீர் குறைந்த காலத்தில் இலை எவ்வளவு நீரைச் செலவிடுகிறது என்று அளந்தார்கள். மேல்கொடி எல்லாவற்றிலும் ஒன்றேயாயினும் செலவு வேறுபட்டது. அவ்வேறுபாடு வேர்ச்செடியின் குரோமோசோம்களில் குறிப்பிட்ட சில பகுதிகளோடு பொருந்தி நின்றது. இலையின் நடத்தைக்கு வேரின் பரம்பரையும் பொறுப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வீரியத்தை மட்டும் பார்த்து வேரைத் தேர்ந்தவர்கள் பட்ட நஷ்டமும் திராட்சைச் சரித்திரத்தில் உண்டு. கலிபோர்னியாவில் ஏ.எக்ஸ்.ஆர்.1 என்னும் வேர்ச்செடி நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. கொடி வளமாக வளர்ந்தது, மகசூல் மிகுந்தது, எல்லா மண்ணிலும் பிழைத்தது. அதன் பெற்றோரில் ஒன்று பூச்சியை எதிர்க்க இயலாத ஐரோப்பிய ரகம் என்பதும், ஐரோப்பாவில் அது முன்பே தோற்றது என்பதும் மறைவான செய்திகளல்ல. ஆயினும் பரிந்துரைத்தவர்களும் நட்டவர்களும் கண்ணெதிரே தெரிந்த செழிப்பையே நம்பினார்கள். 1980-களில் பில்லாக்சிரா மறுபடி தலையெடுத்து, நாபா, சொனோமா பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கொடிகளைப் பிடுங்கி மீண்டும் நட வேண்டி வந்தது. வேரின் குலத்தை விசாரியாமல் அதன் செழிப்பை மட்டும் பார்த்ததற்கு விதித்த அபராதம் அது.

நமது தேசத்தில் திராட்சைக்கு வேர்ச்செடி வந்த வழி வேறு. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பெரும்பாலும் குச்சியை நட்டுச் சொந்த வேரிலேயே வளர்க்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் கிணறுகள் வற்றி நீரில் உப்பேறியபோது, வேர்ப்பேனுக்காக அல்லாமல் வறட்சிக்கும் உப்புக்குமாக, டாக்ரிட்ஜ் என்னும் அமெரிக்க வேரின் மேல் தாம்ஸன் விதையில்லாத் திராட்சையை ஒட்டத் தொடங்கினார்கள். வறண்ட, மெலிந்த நிலங்களில் கொடி நின்றது, மகசூலும் நின்றது. ஆனால் ஆழமான கரிசல் நிலத்தில், நீரும் எருவும் தாராளமாகக் கொடுத்தபோது, அதே வேர் கொடியை அளவு மீறித் தழைக்க வைத்தது. தழை மண்டினால் மொட்டின் மேல் வெயில் படாது. வெயில் படாத மொட்டு அடுத்த பருவத்தில் குலைக்குப் பதிலாக வெறும் கொடியையே விடும். புனேயில் 1997-ல் தொடங்கிய தேசியத் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் 110 ரிக்டர் முதலிய மற்ற வேர்களைச் சோதித்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே வேர் ஒரு நிலத்தில் வரமாகவும் அடுத்த நிலத்தில் சுமையாகவும் ஆகிறது. வீரியமான மரமே நல்ல மரம் என்னும் எண்ணம் குடியானவர்களிடையே ஆழமாக ஊன்றியிருப்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆப்பிள் பயிரில் இந்த அறிவு இன்னும் முதிர்ந்துள்ளது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் 1913-ல் ஏற்பட்ட ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில், பாரடைஸ் என்ற பொதுப் பெயரில் ஒன்றாகக் கலந்து விற்கப்பட்ட குட்டை வேர்ச்செடிகளை ஹட்டன் என்பவர் பிரித்து, எண்ணிட்டு, ஒவ்வொன்றின் குணத்தையும் நிர்ணயித்தார். மாலிங் 9 என்ற எண் பெற்ற வேரின் மேல் மரம் ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக அடங்கிச் சீக்கிரம் காய்க்கும். அவ்வேரில் பட்டை தடித்தும் நீர்க்குழாய்கள் குறுகியும் இருக்கின்றன. குட்டைக் குணத்துக்குக் காரணமான பகுதிகள் அதன் 5-ஆவது, 11-ஆவது குரோமோசோம்களில் இருப்பதாகப் பின்னர் கண்டறிந்தார்கள். அதைவிட முக்கியமானது ஹட்டன் செய்த முதற் காரியம். கலப்படமான பெயரை ஒழித்து, எது எது என்று பிரித்துக் காட்டினார். அதன் பிறகே வாங்குபவர் கேட்கவும் விற்பவர் பதில் சொல்லவும் வழி பிறந்தது.

மாமரத்தில் அந்த முதற் காரியமே இன்னும் முழுமையாக நடக்கவில்லை. நாற்றுப் பண்ணைகளில் வேர்ச்செடிக்கு இடும் கொட்டை பெரும்பாலும் கிடைத்த கொட்டை. மாம்பழக் கூழ் ஆலைகளில் கழியும் கொட்டை வண்டி வண்டியாக மலிவில் கிடைக்கிறது. அவற்றில் பெங்களூரா மிகுதி. பெங்களூரா, நீலம், பங்கனபள்ளி, அல்போன்சா முதலியவற்றின் கொட்டையில் ஒரே கரு உண்டு. அது அயல் மகரந்தத்தால் பிறப்பதால், ஒரு மரத்துக் கொட்டைகள் நூறும் நூறு விதமான கன்றுகளைத் தரும். அவற்றின் மேல் ஒரே பங்கனபள்ளியை ஒட்டினாலும் தோப்பில் மரங்கள் ஏறியும் இறங்கியும் நிற்கும். இதற்கு மாறாக, மேலைக் கடற்கரையைச் சேர்ந்த ஓலூர், சந்திரகாரன், முவாண்டன், குருக்கன் முதலியவற்றிலும், யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த வெள்ளைக்கொழும்பானிலும் ஒரு கொட்டையில் பல கருக்கள் உண்டு. ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் கிளம்புவதைக் கண்ணாலேயே காணலாம். அவற்றுள் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையின்றித் தாயின் திசுவிலிருந்தே பிறப்பதால் தாயை ஒத்திருக்கும். வித்தின் மூலமாகவே ஒரே குணமுள்ள நூற்றுக்கணக்கான வேர்ச்செடிகளைப் பெற இயற்கை வைத்த வழி இது.

இது புதிதாகக் கண்ட செய்தியுமன்று. சென்னை மாகாணத்தில், அப்போதைய கடப்பை ஜில்லாவில் கோடூர் அருகே 1935-ல் பழ ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட காலம் முதலே மாவின் வேர்ச்செடிகளைப் பற்றிய ஆராய்ச்சி நடந்து வந்தது. கே.சி. நாயக் 1949-ல் வெளியிட்ட தென்னிந்தியப் பழங்களைப் பற்றிய பெரு நூல் அக்கால அனுபவத்தின் திரட்டு. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் அல்போன்சா ரகத்தைப் பல வேர்களின் மேல் ஒட்டிப் பல வருஷங்கள் கவனித்து 2003-ல் வெளியிட்ட முடிவில், வெள்ளைக்கொழும்பான் வேரின் மேல் நின்ற மரங்கள் அடக்கமாக வளர்ந்தன என்று தெரிகிறது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆப்பிளில் மாலிங் 9 செய்வதை மாவில் எல்லா ரகத்துக்கும் எல்லா மண்ணிலும் செய்யும் வேர்ச்செடி ஒன்றும் இதுவரை நிலைநாட்டப்படவில்லை. குட்டை வேரில் ஒட்டிய மாங்கன்று என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம், அது எந்தக் குட்டை வேர், எங்கே வளர்ந்த மரம் என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அடர் நடவு பரவிவரும் இக்காலத்தில் வேரின் வீரியம் வெறும் ஆராய்ச்சி விஷயமாக இல்லை. பழைய வழக்கப்படி 33 அடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 40 மரம். 5 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 160. வரிசைக்கு 3 மீட்டரும் கன்றுக்கு 2 மீட்டருமாக நட்டால் 670-க்கு மேல். நாற்பது மரத் தோப்பில் வேர்கள் பலவிதமாயிருந்தாலும் இடம் இருக்கிறது. ஏறிய மரம் தன் போக்கில் ஏறும். அறுநூறு மரத் தோப்பில் வீரியமான வேரின் மேல் நிற்கும் மரம் பக்கத்து மரத்தை மூடிவிடும். வருஷந்தோறும் கவாத்துச் செய்யும் கூலி ஏறும். கவாத்து மிகுந்தால் தளிர் மிகுந்து பூ குறையும். இந்நிலை ஐந்தாவது ஆறாவது வருஷத்தில்தான் வெளிப்படும். அதற்குள் குழி, வேலி, சொட்டுநீர்க் குழாய், ஆழ்குழாய்க் கிணறு எல்லாவற்றுக்கும் செலவாகியிருக்கும். நெல்லில் விதை தவறினால் ஒரு போகம் போகும். தோப்பில் வேர் தவறினால் பத்து வருஷம் போகும்.

சப்போட்டாவின் கதை இதனினும் வருந்தத்தக்கது, ஏனெனில் அதற்கு ஏற்ற வேர் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 1898-ல் மகாராஷ்டிரத்துக் கோல்வாடில் தோட்டப் பயிராக நடப்பட்ட இந்த அமெரிக்க மரத்துக்கு, இந்தியத் தோட்டக்காரர்கள் கண்ட சிறந்த வேர்ச்செடி பாலை. ஏழிலைப்பாலை, வெப்பாலை, குடசப்பாலை எனப் பாலைப் பெயர் பூண்ட மரங்கள் பல உண்டு. அவை இதற்கு உதவா. இங்கே கூறுவது, செங்கல்பட்டுக் கரையோரம் முதல் புதுச்சேரி வரை வறண்ட பசுமைக் காடுகளிலும் கோயிற்காடுகளிலும் நிற்கும், சிறிய மஞ்சள் நிறப் பழம் தரும் பாலை. உலக்கைப்பாலை என்றும் சொல்வர். இது சப்போட்டாவுக்கு நெருங்கிய உறவு. வறட்சியைத் தாங்கும், கட்டை உறுதியானது. அதன் மேல் ஒட்டிய சப்போட்டா, சப்போட்டா விதையிலிருந்து வந்த நாற்றின் மேல் ஒட்டியதைவிட வீரியமாக வளர்ந்து நீண்டநாள் பலன் தருவதாக அனுபவம். குறை ஒன்றே. பாலை நாற்று மெதுவாக வளரும். ஒட்டுக் கட்டும் பருமனை அடைய இரண்டு வருஷமாகலாம். அந்த இரண்டு வருஷத்தைப் பொறுக்க மாட்டாமல் சிலர் சப்போட்டா நாற்றையே அடிச்செடியாக வைத்துவிடுகிறார்கள். இரண்டு கன்றுகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும். பாலைவேர்க் கன்றுக்கு விலை சற்று அதிகம் என்றால் அது நியாயமான விலையே. இரண்டு வருஷ நீருக்கும் கவனிப்புக்கும் கூலி வேண்டாமா? அந்த விலையை வாங்கிக்கொண்டு சப்போட்டா நாற்றின் மேல் ஒட்டியதைக் கொடுப்பதுதான் அநியாயம்.

காய்கறிப் பயிரில் குடியானவர்கள் இதனை விரைவில் புரிந்துகொண்டார்கள். சுண்டைச் செடியின் மேல் ஒட்டிய கத்தரி நாற்று, வாடல் நோய்க்கும் நூற்புழுவுக்கும் ஈடுகொடுத்து நெடுநாள் காய்ப்பதை ஒரே பருவத்தில் பார்த்துவிடலாம். ஆகையால் கத்தரி நாற்று வாங்கும்போது சுண்டை வேரா என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. ஒரு வருஷப் பயிருக்குக் கேட்கும் கேள்வியை ஐம்பது வருஷ மரத்துக்குக் கேளாதது விநோதமே.

இதற்கு நாற்றுப் பண்ணையார் கூறும் சமாதானங்கள் தெரிந்தவையே. எருவும் நீரும் இட்டால் எந்த வேரும் செழிக்கும் என்பர். நல்ல மண்ணில் முதல் மூன்று வருஷத்துக்கு அது உண்மையாகவும் தோன்றும். பாலாற்றில் நீர் ஓடும் நாட்கள் சுருங்கி, ஏரிகள் நிறைவது வடகிழக்குப் பருவமழையின் தயவாக இருக்கும் இப்பகுதியில், சித்திரை வைகாசியில் கிணறு இறங்கும்போதுதான் வேரின் உண்மைக் குணம் தெரியும். கிழக்கே செய்யூர்ப் பக்கம் நீரில் உப்புள்ள இடங்களில் அதுவும் சீக்கிரமே தெரிந்துவிடும். வேரின் பெயரை எழுதி வைப்பது தொல்லை என்றும் கூறுவர். பஞ்சாபில் 1961-ல் இயற்றிய பழநாற்றுப் பண்ணைச் சட்டம், உரிமம் பெற்ற பண்ணையார் வேர்ச்செடி, மேல்குச்சி இரண்டின் மூலத்தையும் கணக்கில் எழுதி வைக்கக் கட்டளையிடுகிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாமற் போக நியாயமில்லை.

ஆகவே செய்ய வேண்டியது இன்னதென்று துணிந்து கூறலாம். ஒவ்வொரு ஒட்டுக் கன்றின் சீட்டிலும், ரசீதிலும், மேல்ரகத்தின் பெயரோடு வேர்ச்செடியின் பெயரும், வித்து வந்த இடமும் எழுதப்பட வேண்டும். கிடைத்த கொட்டையானால் கலப்புக் கொட்டை என்று எழுதட்டும். வாங்குபவர் தெரிந்தே வாங்குவார். மேல்ஒட்டிவாக்கம், விச்சந்தாங்கல் ஆகிய அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் இதற்கு வழிகாட்டியாக, பல கருக்கள் உள்ள மா ரகங்களுக்கும் பாலைக்கும் தாய்மரத் தோப்பு வைத்து, வித்தைத் தனியார் பண்ணைகளுக்கும் விற்பனை செய்யலாம். ஒரு ஏக்கருக்கும் குறைவான நிலமே இதற்குப் போதும். மற்ற எந்தத் திட்டத்தையும்விடச் செலவு குறைவு.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. தோட்டப் பயிருக்கு மானியம் கோருபவர் சிட்டாவும் அடங்கலும் வாங்க அவர்களிடமே வருகிறார். அடங்கலில் மா என்று ஒரு சொல்லும் பரப்பளவும் பதிவாகின்றன. கன்று வாங்கிய ரசீதின் நகலை மனுவோடு இணைக்கும்படி அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால், பத்து வருஷம் கழித்து எந்த ஊரில் எந்த வேர் எப்படி நின்றது என்று பார்ப்பதற்கு ஒரு பதிவு கிடைக்கும். இப்போது அத்தகைய பதிவு ஒன்றும் இல்லாமையால், ஒவ்வொரு குடியானவரும் முதலிலிருந்தே சோதனை செய்ய வேண்டியிருக்கிறது. இதே ஜில்லாவில் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியமும் சொல்லப்பட்டிருக்கிறது. தோட்டத்தைக் கவனிப்பது கிராமப் பொதுக் காரியம் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்னரே கருதிய ஊர்களுக்கு இது பாரமாகத் தோன்றலாகாது.

சட்டமும் சீட்டும் வரும்வரை வாங்குபவர் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. மாங்கொட்டை முளைக்கும் சக்தி நான்கைந்து வாரத்துக்கு மேல் நிற்பதில்லை; ஆகவே ஆனி ஆடியில் நாற்றுப் பண்ணைக்குச் சென்றால் விதைக்கும் கொட்டையை நேரிலேயே பார்க்கலாம். பாத்தியில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று முளைகள் கூட்டமாக இருந்தால் பல கருக்கள் உள்ள வித்து என்று அறியலாம். அவற்றுள் மற்றவற்றோடு ஒவ்வாத முளையையும் மெலிந்ததையும் களைகிறார்களா என்று கவனிக்க வேண்டும். ஒட்டு சேர்ந்த இடத்தில் மேல் கீழ் பருமன் மிகவும் வேறுபட்டாலோ, பட்டை பிளந்து பிசின் கசிந்தாலோ அக்கன்று வேண்டாம். நடும்போது ஒட்டு சேர்ந்த இடம் மண்ணுக்கு அரை அடியாவது மேலே நிற்க வேண்டும். திராட்சையில் அந்த இடம் மண்ணுக்குள் புதைந்தால் மேல்கொடி தானே வேர்விட்டு, விலை கொடுத்து வாங்கிய வேர்ச்செடி பயனற்றுப் போகும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் தோப்பில் நிற்பது பங்கனபள்ளியாக இராது, பெயர் தெரியாத நாட்டு மாவாக இருக்கும்.

ஏற்கெனவே நட்டுவிட்ட தோப்பில் வேர் சோர்ந்து நிற்கும் மரங்களைப் பிடுங்குவதற்கு முன் ஒரு வழி பார்க்கலாம். மரத்தின் அடியில், தண்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நல்ல வித்திலிருந்து முளைத்த ஒரு வருஷ நாற்றுகள் இரண்டை எதிரெதிராக நட்டு, அவை வேரூன்றிய பின் நுனியைச் சீவித் தண்டின் பட்டைக்குள் செருகிக் கட்டினால், புதிய வேர்கள் பழைய மரத்துக்கு நீர் கொடுக்கத் தொடங்கும். நெருக்கு ஒட்டுக் கட்டத் தெரிந்த எந்த வேலையாளுக்கும் இது கைவந்ததே. பத்து வயதுக்கு உட்பட்ட மரங்களில் முயல்வது நல்லது. முதலில் நாலைந்து மரங்களில் செய்து இரண்டு வருஷம் கவனித்த பின் மற்றவற்றுக்குப் போகலாம். நாற்று நடுவதற்கு ஐப்பசி மழைக்கு முந்திய நாட்களும், கட்டுவதற்கு அடுத்த ஆண்டு ஆடி ஆவணியும் ஏற்ற காலம்.